“மண்டையில ஏறாத புள்ள” என்று சொல்வதற்கு முன்...



நமது லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “மூத்தவன் நல்லாப் படிக்கிறான். சின்னவனுக்குத்தான் ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது. அடுத்த வருஷத்தோட நிப்பாட்டிற வேண்டியதுதான்.” இப்படிச் சொல்பவர்கள் பிள்ளை மீது பாசம் இல்லாதவர்கள் அல்லர். பாடசாலையில் இருந்தும் அதே பேச்சு வருகிறது, அவர்களும் நம்பி விடுகிறார்கள். ஆனால் அந்தச் சின்னவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். கரும்பலகையில் உள்ள எழுத்து அவன் கண்ணுக்குப் புகை போலத் தெரியலாம். இதை யாரும் பார்க்கவில்லை என்றால், படிக்கக் கூடிய ஒரு பிள்ளை படிக்காத பிள்ளை என்ற பெயருடன் பாடசாலையை விட்டு வெளியே வந்து விடும்.

உடலிலோ புலனிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடுள்ள ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் எப்படி உதவலாம், அந்த உதவி கிடைக்கப் பெற்றோராகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இம்முறை விளக்குகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். இந்த உதவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. பிள்ளையைக் கவனிக்கும் கண்ணும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கண்ணுக்குத் தெரியும் குறை, தெரியாத குறை

குறைபாடு என்றதும் நமக்கு நினைவு வருவது கால் நடக்க முடியாத பிள்ளையும், பார்வை அறவே இல்லாத பிள்ளையும்தான். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப் போனவர்களை நமது மூத்த தலைமுறையில் காணலாம். தடுப்பு மருந்தின் பயனாக 1993க்குப் பிறகு இலங்கையில் அந்த நோய் எந்தப் பிள்ளையையும் தாக்கவில்லை. இன்று நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளில் சிலருக்குப் பிறக்கும்போதோ அதற்கு முன்போ மூளையில் ஏற்பட்ட பாதிப்பு காரணமாக இருக்கும். இவர்களில் சிலருக்குப் பேச்சு குழறும், கை நடுங்கும். ஆனால் பேச்சு குழறுவதால் புத்தியும் குறைவு என்று எண்ணி விடக் கூடாது. பலருக்கு அறிவு நன்றாகவே இருக்கும். வாய்க்குள் இருப்பதை வெளியே கொண்டு வரத்தான் நேரம் பிடிக்கும்.

வெளியே தெரியாத குறைகள் வேறு பல உள்ளன. அரைகுறையாகக் கேட்கும் காது, தூரப் பார்வை தெரியாத கண், எழுத்து மட்டும் பிடிபடாத நிலை, மற்றவர்களைவிட மெதுவாக விளங்கிக் கொள்ளும் நிலை, வலிப்பு ஆகியவை இவற்றில் சில. அதிகம் அடி வாங்குவதும் ஏச்சு வாங்குவதும் இந்தப் பிள்ளைகள்தான். “சொல்றது கேக்கல, வேணும்னே செய்றான்” என்று வீட்டிலும் சொல்வோம், வகுப்பிலும் சொல்வார்கள்.

ஆசிரியர் கண்ணில் படக் கூடியவை

நாம் காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து விட்டு வீடு திரும்பும்போது பிள்ளை விளையாடிக் கொண்டிருக்கும். எழுதுவதையும் வாசிப்பதையும் நாம் அதிகம் பார்ப்பதில்லை. ஆசிரியர் ஒரு பிள்ளையை ஒரே வயதுள்ள இன்னும் பல பிள்ளைகளோடு சேர்த்து ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். ஆகவே வேறுபாடு முதலில் தெரிவது அவருக்குத்தான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்கும் பிள்ளை, பக்கத்தில் உள்ளவன் செய்வதைப் பார்த்துவிட்டுப் பிறகு செய்யும் பிள்ளை ஆகியோரின் காதைச் சோதிக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை மூக்குக்கு அருகில் பிடிப்பது, கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் அடுத்தவன் கொப்பியைப் பார்த்து எழுதுவது எல்லாம் கண்ணில் கோளாறு இருக்கலாம் என்பதற்கு அடையாளம். கடையில் மிச்சக் காசைச் சரியாக எண்ணி வாங்கி வரும் பிள்ளை, நாலு எழுத்தை வாசிக்கத் திணறினால் அது சோம்பல் அல்ல. எழுத்தைப் பிடித்துக் கொள்வதில் மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சிரமம் இருக்கலாம். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, நடந்தது எதுவும் தெரியாமல் திரும்பவும் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு ஒரு வகை வலிப்பு இருக்கவும் கூடும்.

இவற்றைக் கண்ட ஆசிரியர் தாமே நோய்க்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. பெற்றோரை அழைத்துச் சொல்லி, வைத்தியரிடம் காட்ட வழி செய்தால் போதும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் இருந்து பாடசாலைக்கு வந்து நடத்தும் வைத்தியப் பரிசோதனை நாளில் இந்தப் பிள்ளையைத் தவறாமல் காட்டலாம். கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் கண் பிரிவும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவும் உள்ளன. அங்கே பரிசோதனை இலவசம்.

காது கேட்காத பிள்ளைக்கு

இந்தப் பிள்ளையை ஆசிரியர் முன் வரிசையில், நன்றாகக் கேட்கும் காது தம் பக்கம் இருக்குமாறு உட்கார வைக்கலாம். கரும்பலகையைப் பார்த்துக் கொண்டே பேசாமல், எழுதி முடித்துத் திரும்பி, பிள்ளை தம் வாயைப் பார்க்கும்படி பேசலாம். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் இருட்டாகத் தெரியும். எதிர்ப் பக்கம் நின்றால் வாயசைவு தெளிவாகத் தெரியும். கத்த வேண்டிய தேவை இல்லை. கத்தும்போது வாயின் வடிவம் மாறி விடுவதால் சொல் இன்னும் விளங்காது.

நமது பாடசாலைகள் பலவற்றுக்குத் தகரக் கூரை. மழை கொட்டினால் நல்ல காதுக்கே பாடம் கேட்காது. செவிப்புலன் கருவி போட்ட பிள்ளைக்கு அந்த இரைச்சலும் சேர்ந்து பெரிதாகக் கேட்கும். அந்த வேளையில் பேச்சை நிறுத்திவிட்டு எழுத்து வேலை கொடுப்பது நல்ல யோசனை. பாடத்தின் தலைப்பையும் வீட்டு வேலையையும் எப்போதும் பலகையில் எழுதிப் போட வேண்டும். “விளங்கிச்சா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையை ஆட்டும். “நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம்” என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காதில் சீழ் வடிந்தால் எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊற்றாதீர்கள். “சின்னப் புள்ளைக்கு வாறதுதானே” என்று விட்டு விடவும் வேண்டாம். கவனிக்காத சீழ், கேட்கும் சக்தியைக் குறைத்து விடும்.

பார்வை குறைந்த பிள்ளைக்கு

மூக்குக் கண்ணாடி ஒன்றே பல பிள்ளைகளின் பிரச்சினையைத் தீர்த்து விடும். ஆனால் கண்ணாடி கிடைத்தும் பிள்ளை போடாமல் இருக்கலாம். “கண்ணாடிக்காரி” என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வதே காரணம். அந்தக் கேலியை முதல் நாளே நிறுத்த ஆசிரியரால் முடியும்.

கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாத பிள்ளைக்குக் கரும்பலகையில் பெரிய எழுத்தாக எழுதுவது, எழுதும்போதே வாய்விட்டு வாசிப்பது, கறுப்பு மையால் பெரிதாக எழுதிய தாளைக் கையில் கொடுப்பது உதவும். பனி மூடிய காலைகளில் மலையகத்து வகுப்பறை இருட்டாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு வெளிச்சம் விழும் இடத்தில் மேசை போட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அதிக வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரிகிறது என்று பிள்ளையிடமே கேட்பதுதான் சரி.

நடக்க, எழுதச் சிரமப்படும் பிள்ளைக்கு

நமது தோட்டங்களில் பாடசாலைக்குப் போவதென்றால் ஏற்றமும் இறக்கமும் படிகளும்தான். கால் இயலாத பிள்ளை பிந்தி வந்தால் வாசலில் நிறுத்தித் தண்டிக்காமல் உள்ளே எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வகுப்பைப் படி ஏறாத கட்டிடத்துக்கு மாற்றலாமா என்று அதிபர் பார்க்கலாம். ஒரே லயத்தில் இருந்து வரும் இரண்டு பிள்ளைகளைப் பையைத் தூக்கி வர ஒழுங்கு செய்யலாம்.

வெட்கப்பட்டு யாரும் பேசாத விஷயம் மலசலகூடம். அங்கே தனியாகப் போய் வர முடியாது என்பதற்காகவே பாடசாலைக்கு வர மறுக்கும் பிள்ளைகள் உண்டு. காலையில் தண்ணீர் குடிக்காமல் வரும் பிள்ளைகளும் உண்டு. வயது வந்த பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய கஷ்டம். பிடித்துக் கொள்ள ஒரு கம்பி, உட்கார ஏற்ற இருக்கை, துணைக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியை என்ற இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு தொடரும்.

கை நடுங்கும் பிள்ளைக்குப் பென்சிலைச் சுற்றித் துணியோ ரப்பரோ கட்டித் தடிப்பாக்கிக் கொடுத்தால் பிடிக்க இலகு. மற்றவர்கள் பத்துக் கணக்குச் செய்யும்போது இந்தப் பிள்ளை நாலு கணக்குச் செய்தால் போதும். விடையை வாயால் சொல்ல விடலாம். ஆசிரியர் பார்க்க வேண்டியது பிள்ளை கணக்கைத் தெரிந்து கொண்டதா என்பதைத்தானே தவிர, எத்தனை பக்கம் எழுதியது என்பதை அல்ல.

மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு

இந்தப் பிள்ளையிடம் ஒரே நேரத்தில் மூன்று வேலை சொல்லக் கூடாது. “கொப்பியை எடு” என்று சொல்லி, எடுத்த பிறகு “பேரை எழுது” என்று சொல்ல வேண்டும். பெரிய பாடத்தைச் சின்னச் சின்னப் படியாகப் பிரிக்க வேண்டும். கூட்டல் கழித்தலைக் கல், விதை, ஈர்க்குச்சி வைத்துக் கையால் தொட்டுக் காட்டினால் விளங்கும். எழுத்தை மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுத விடலாம். நேற்றுச் செய்ததை விட இன்று ஒரு படி முன்னேறினால் அதைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவது உள்ள உற்சாகத்தையும் கெடுத்து விடும்.

வலிப்பு வரும் பிள்ளைக்கு

வகுப்பில் வலிப்பு வந்தால் ஆசிரியர் பதறாமல் இருப்பதே முதல் உதவி. மேசை, நாற்காலியைத் தள்ளி வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்து விட வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதும், வாயில் கரண்டி வைப்பதும், தண்ணீர் ஊற்றுவதும், கை கால்களை அமுக்கிப் பிடிப்பதும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். இது பேயும் அல்ல, தொற்று நோயும் அல்ல என்று மற்றப் பிள்ளைகளுக்கு அன்றைக்கே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒழுங்காக மருந்து குடித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும்.

பெயரும் மரியாதையும்

“நொண்டி”, “செவிடு”, “மக்கு” என்ற பட்டப் பெயர்கள் வகுப்பில் இருந்து லயத்துக்கும், லயத்தில் இருந்து வகுப்புக்கும் போய் வருகின்றன. ஆசிரியர் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னால் முழு வகுப்பும் சொல்லும். ஆசிரியர் பிள்ளையின் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்து, வகுப்பில் ஒரு பொறுப்பையும் கொடுத்தால் மற்றவர்களும் மதிப்பார்கள். வெண்கட்டி எடுத்து வருவது, வரவு இடாப்பைக் கொண்டு போய்க் கொடுப்பது, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று எதுவானாலும் சரி. பரிதாபப்பட்டு எந்த வேலையும் கொடுக்காமல் மூலையில் உட்கார வைப்பதும் ஒரு வகையில் ஒதுக்குவதுதான்.

சேணம் தைப்பவரின் மகன்

சாதாரண ஊர்ப் பாடசாலை ஒன்று கதவைத் திறந்து விட்டதால் உலகத்துக்குக் கிடைத்த நன்மை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகருக்குத் தூரத்தில் கூப்ரே என்றொரு கிராமம். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1809ஆம் ஆண்டு லூயி பிறெயில் என்ற மகன் பிறந்தான். மூன்று வயதில் தகப்பனின் குத்தூசியை எடுத்து விளையாடும்போது அது கண்ணில் பட்டது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போயின.

அந்தக் காலத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பிச்சை எடுப்பதுதான் விதி. ஆனால் லூயியின் தகப்பன் மரப்பலகையில் ஆணி அடித்து எழுத்து வடிவம் செய்து, மகனை விரலால் தடவிப் பார்க்க வைத்தார். ஊர்க் குருவானவர் பள்ளிக்கூட வாத்தியாரிடம் பேசினார். வாத்தியாரும் கண் தெரியும் பிள்ளைகளோடு அவனைச் சேர்த்து உட்கார வைத்தார். காதால் கேட்டே லூயி கெட்டிக்காரனாக வந்தான். 1819இல், பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பாடசாலைக்குப் போனான். பதினைந்து வயதில், 1824இல், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவி வாசிக்கும் எழுத்தை அமைத்தான். பார்வையற்றோர் இன்று தமிழிலும் வாசிப்பது அந்தப் புள்ளி எழுத்தில்தான். “கண் தெரியாதவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?” என்று அந்தக் கிராமத்து வாத்தியார் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அங்கவீனமுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது. 2016 முதல் 5 வயது தொடக்கம் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் கல்வி பெறுவது கட்டாயம். “எல்லாப் பிள்ளைகளும்” என்பதில் நம் பிள்ளையும் அடங்கும். ஆகவே அனுமதி கேட்டுப் போகும் பெற்றோர் தயவு கேட்டுப் போகவில்லை, உரிமையைக் கேட்டுப் போகிறார்கள்.

சில அரசாங்கப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகு உண்டு. அருகில் எங்கே இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு அறியலாம். அறவே கேட்காத, அறவே பார்வையற்ற பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகளும் உள்ளன. இரத்மலானையில் உள்ள அப்படியொரு பாடசாலை 1912இலேயே தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணம் கைதடியில் உள்ள நஃபீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும் துணை. அரசாங்கப் பரீட்சை எழுதும்போது மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், புள்ளி எழுத்து வினாத்தாள் போன்ற சலுகைகளுக்கு வைத்தியச் சான்றிதழோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இந்தப் பத்திரங்களைப் பெற்றோர் தனியாக நிரப்புவது கடினம். ஆசிரியர் துணை நிற்க வேண்டிய இடம் இது.

பெற்றோர் செய்ய வேண்டியது

முதலாவது, மறைக்காதீர்கள். “சொன்னா சேர்க்க மாட்டாங்களோ” என்ற பயத்தில் வலிப்பையும் காதுக் கோளாற்றையும் சொல்லாமல் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாத ஒன்றுக்கு ஆசிரியர் எப்படி உதவுவார்? நேராகவே சொல்லலாம்: “டீச்சர், எங்க புள்ளைக்கு எடது காது கேக்காதுங்க. கொஞ்சம் முன்னுக்கு உக்கார வைங்க.” இவ்வளவுதான்.

இரண்டாவது, பாடசாலைக்குப் போங்கள். ஒரு நாள் போனால் அரைப் பேர் போய் விடும் என்ற கஷ்டம் எமக்குத் தெரியும். அதனால் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் நாளிலேயே ஆசிரியரைத் தனியாகக் கண்டு பேசலாம். முடியாவிட்டால் பாட்டியையோ மூத்த பிள்ளையையோ ஒரு துண்டுக் கடிதத்தோடு அனுப்பலாம். கடிதம் எழுத நலன்புரி உத்தியோகத்தரிடமோ பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரிடமோ உதவி கேளுங்கள். கிளினிக் கொப்பியை ஆசிரியரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, ஆசிரியரின் கஷ்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அவருக்கு முன் ஒரு வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று மலையகப் பாடசாலைகளில் கற்பிப்பவர்களில் பலர் நமது லயங்களில் பிறந்து, இதே குறுக்குப் பாதையில் நடந்து படித்தவர்கள்தான். குறை சொல்லிப் போவதை விட, “வீட்டில நாங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்று கேட்டுப் போனால் அவரும் மனம் வைத்து உதவுவார்.

அடுத்த முறை ஆசிரியரைக் காணும்போது இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளை வகுப்பில் எங்கே உட்காருகிறது? பலகையில் எழுதுவதும் நீங்கள் பேசுவதும் பிள்ளைக்குத் தெரிகிறதா, கேட்கிறதா? இந்த மாதம் வீட்டில் எதைப் பழக்க வேண்டும்? பதிலைக் கேட்ட பிறகு, பிள்ளையை நிப்பாட்டுவதா படிக்க வைப்பதா என்ற பேச்சை எடுக்கலாம். அப்போது பெரும்பாலும் நிப்பாட்டும் பேச்சுக்கே இடம் இருக்காது.